ஒரு பெர்மாஃப்ராஸ்ட் சைட்டோட டேட்டாவ உக்காந்து படிக்கிறது எப்படி

ஆர்க்டிக் பக்கம் நெலம் உருகுது, மீத்தேன் கெளம்புது, உலகம் முடிஞ்சுதுன்னு மாசம் ஒரு செய்தி வருது, நாமளும் படிச்சு ரெண்டு நிமிஷம் பயந்துட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடுறோம். ஆனா இதுக்கான டேட்டா எல்லாம் ஓசிலயே கெடக்குங்க. ஜிடிஎன்-பின்னு ஒரு உலக நெட்வொர்க் இருக்கு, உலகம் முழுக்க நெலத்துல துளை போட்டு அதுக்குள்ள இறக்கி வச்ச தெர்மாமீட்டர் ரீடிங்க எல்லாம் அதுல போட்டு வைக்கிறாங்க. கால்ம்னு இன்னொண்ணு, கோடைல மண்ணு எவ்வளவு ஆழம் எளகுதுன்னு 1991-ல இருந்து அளந்துட்டு வர்ற கூட்டம். எக்செல் திறந்து ஒரு கோடு போடத் தெரிஞ்சா போதும், நீங்களே பாத்துக்கலாம். நான் இந்த டேட்டாவோட குப்பை கொட்ட ஆரம்பிச்சு சில வருஷம் ஆச்சு, ரெண்டு சீசன் அலாஸ்கா போயி கொசுக்கடியோட அளந்தும் இருக்கேன், அதனால எதுக்கப்புறம் எதைப் பாத்தா தலையும் வாலும் புரியும்னு சொல்றேன்.

மொதல்ல ஒரு விஷயத்த க்ளியர் பண்ணிடுவோம். பெர்மாஃப்ராஸ்ட்னா பனிக்கட்டி இல்ல. ரெண்டு வருஷம் தொடர்ந்து ஜீரோ டிகிரி இல்லன்னா அதுக்குக் கீழயே இருக்குற நெலம், அவ்வளவுதான். உள்ள ஐஸ் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், காஞ்ச பாறையா இருந்தாலும் கணக்குல சேரும். இது வெப்பநிலைய வச்சு குடுத்த பேரு, அதனால நாமளும் தெர்மாமீட்டர்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். அதுக்கு மேல கோடைல எளகி குளிர்காலத்துல திரும்ப உறையுற ஒரு அடுக்கு இருக்கும், ஆக்டிவ் லேயர்னு சொல்லுவாங்க. செடி, பாசி, வேர், பாக்டீரியா, கேஸ் எல்லாமே பெரும்பாலும் அங்கதான்.

சைட் ஒண்ணு எடுத்துக்கோங்க. நான் டெட்ஹார்ஸ் எடுக்கச் சொல்லுவேன், அலாஸ்காவோட வடக்கு ஓரம், ப்ருடோ பே எண்ணெய் வயல் பக்கம், டால்டன் ஹைவே போயி முடியுற எடம். ஃபேர்பேங்க்ஸ்ல இருக்குற அலாஸ்கா யுனிவர்சிட்டி ஆளுங்க 1980-கள்ல இருந்து அங்க அளந்துட்டு வர்றாங்க, இவ்வளவு நீளமான ரெக்கார்ட் கெடைக்கிறது அபூர்வம்.

எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா காத்தோட வெப்பநிலை கிராஃப்ப மொதல்ல தெறந்துடுவாங்க. அது குதிக்கும், ஒரு வாரத்துலயே இருபது டிகிரி ஏறும் இறங்கும், அதுல ஒண்ணும் புரியாது. நீங்க நேரா 20 மீட்டர் ஆழத்துக்குப் போங்க. மண்ணு ஒரு சோம்பேறி, மேல நடக்குற கூத்தெல்லாம் கீழ போகப் போக அடங்கிடும், தோராயமா 3 மீட்டருக்கு ஒரு தடவை அந்த ஏத்த இறக்கம் மூணுல ஒரு பங்கு சொச்சமா கொறைஞ்சுட்டே போகும், அதோட லேட்டாவும் ஆகும். 10 மீட்டர் போனா கிட்டத்தட்ட அரை வருஷம் லேட், அதாவது ஆடி மாசம் கெளம்புன சூடு தை மாசம்தான் போய்ச் சேருது, மேல மைனஸ் முப்பதுல எல்லாம் வெறைச்சுக் கெடக்குறப்ப கீழ 10 மீட்டர்ல அந்த வருஷத்தோட உச்ச சூடு நடந்துட்டு இருக்கும். 20 மீட்டர் போயிட்டா கோடை குளிர்னே ஒண்ணும் தெரியாது, பல வருஷ சராசரி மட்டும் மிஞ்சும். டெட்ஹார்ஸ்ல அந்த 20 மீட்டர் கோடு 1980-கள்ல மைனஸ் 8-க்குக் கீழ இருந்துச்சு, இப்ப மைனஸ் 5-ஐ ஒட்டி வந்தாச்சு. ஒரே ஒரு கோடு, ஆனா காத்து அத்தன வருஷமா நெலத்துக்கிட்ட என்ன சொல்லிட்டு இருந்துச்சுன்னு அதுல இருக்கு.

அடுத்து, ஒவ்வொரு ஆழத்துக்கும் வருஷத்துல வந்த அதிகபட்சம் ஒரு புள்ளி, குறைஞ்சபட்சம் ஒரு புள்ளின்னு வச்சு, ஆழத்த கீழ்நோக்கிப் போட்டு வரைஞ்சு பாருங்க. நாதஸ்வரத்த அணசு மேல இருக்குற மாதிரி நட்டு வச்சா எப்படி இருக்கும், அப்படி வரும். மேல அகலம், கீழ போகப் போக ஒடுங்கி ஒரே கோடா ஆயிடும். இங்கிலீஷ்காரன் இதை ட்ரம்பெட்னு சொல்றான், நமக்கு நாதஸ்வரம் போதும். ரெண்டு கோடும் சேர்ற எடம் எத்தன டிகிரின்னு பாருங்க, அதுதான் அந்த சைட்டோட அடையாள அட்டை. வலது பக்கக் கோடு ஜீரோவ வெட்டுற ஆழம் இருக்கே, அதுதான் ஆக்டிவ் லேயரோட அடி.

அதுக்கும் கீழ இன்னும் நூறு இருநூறு மீட்டர் டேட்டா கெடைச்சா விட்றாதீங்க. பூமிக்குள்ள இருந்து சூடு மேல வர்றதால ஆழம் போகப் போக வெப்பநிலை நேர்கோடா ஏறணும், ஆனா மேல் பகுதில அந்தக் கோடு சூடான பக்கமா வளைஞ்சிருக்கும். அந்த வளைவு எப்படி வந்துச்சு? மேல காத்து சூடாகி அந்தச் சூடு இன்னும் கீழ எறங்கிட்டே இருக்கு, அதான். 1986-லயே லாக்கன்புருக், மார்ஷல்னு ரெண்டு பேரு வடக்கு அலாஸ்கா எண்ணெய்க் கிணறுகள்ல இதைப் பாத்து, பெர்மாஃப்ராஸ்ட்டோட மேல்பரப்பு கடந்த சில பத்து வருஷத்துல இருந்து நூறு வருஷத்துக்குள்ள 2 முதல் 4 டிகிரி ஏறியிருக்குன்னு எழுதிட்டாங்க. வெதர் ஸ்டேஷனே இல்லாத எடத்துல மண்ணே வெதர் ரெக்கார்டா இருந்திருக்கு பாருங்க.

இப்ப காத்து டேட்டாவ எடுக்கலாம், ஆனா தனியா வேணாம், மண்ணோட மேல்பரப்பு வெப்பநிலையோட சேத்து ஒரே கிராஃப்ல போடுங்க. கோடைல ரெண்டும் ஓரளவு ஒட்டிப் போகும். அக்டோபர் வந்ததும் பிரிய ஆரம்பிக்கும். காத்து மைனஸ் 35-ல இருக்குறப்ப மண்ணு மைனஸ் பத்து பக்கத்துல நிம்மதியா படுத்திருக்கும், ரெண்டுக்கும் நடுவுல பனி. விழுந்த பனில முக்காவாசி காத்துதான, கம்பளி மாதிரி வேலை செய்யும். அதனால பனி எவ்வளவு விழுந்துச்சுங்கறத விட எப்ப விழுந்துச்சுங்கறதுதான் முக்கியம், இதை நல்லா மனசுல வச்சுக்கோங்க. அக்டோபர்லயே தடியா விழுந்துட்டா கோடைச் சூடு வெளிய போக வழியில்லாம உள்ளயே மாட்டிக்கும், அந்த வருஷம் மண்ணு சூடாவே இருக்கும். அதே பனி ஜனவரி வரைக்கும் வராம இருந்துட்டா காத்து நேரா மண்ண தொட்டு வெறைக்க வச்சுடும். மே மாசம் தாமதமா கரையுற பனி நேர் எதிரா வேலை செய்யும், வெயில திருப்பி அனுப்பி மண்ணக் காப்பாத்தும். சைபீரியால செர்ஸ்கி பக்கம் ப்ளைஸ்டசீன் பார்க்னு ஒரு எடம், அங்க ஜிமோவ்னு ஒரு விஞ்ஞானி குடும்பம் குதிரை, காட்டெருமை எல்லாம் விட்டு மேய விடுறாங்க, அதுங்க தீனி தேடி பனிய மிதிச்சு கெட்டியா ஆக்கிட்டா கம்பளி மெலிஞ்சு குளிர் கீழ எறங்கும்னு கணக்கு. ஐடியா என்னவோ எனக்குப் புடிச்சிருக்கு, ஆர்க்டிக் முழுக்க ஓட்டிவிட எங்க போயி இத்தன குதிரை புடிக்கிறதுன்னுதான் தெரியல.

பனிக்குக் கீழ பாசி. இதுல ஒரு தந்திரம் இருக்கு. ஐஸ் தண்ணிய விட நாலு மடங்கு நல்லா சூட்ட கடத்தும். கோடைல காஞ்ச பாசி மெத்தை மாதிரி சூட்ட உள்ள விடாது, குளிர்காலத்துல அதே பாசி ஈரமா உறைஞ்சு போயி சூட்ட சுலபமா வெளிய விட்ரும். உள்ள வர்ற கதவு சின்னது, வெளிய போற கதவு பெருசு. ஃபேர்பேங்க்ஸ் மாதிரி காத்தோட வருஷ சராசரி ஜீரோக்கு ரெண்டு டிகிரி மட்டும் கீழ இருக்குற ஊர்ல கூட வடக்கு பாத்த சரிவுல, கருப்பு ஸ்ப்ரூஸ் மரத்தடில பெர்மாஃப்ராஸ்ட் பொழச்சுக் கெடக்குறது இதனாலதான். தெக்கு பாத்த சரிவுல தோண்டுனா இருக்காது. காட்டுத்தீ வந்து அந்தப் பாசிய எரிச்சுட்டா மெத்தை போச்சு, அதுக்கப்புறம் வருஷக்கணக்கா எளகிட்டே போகும். அதனால சைட்டோட வரலாற்றுல தீ இருக்கான்னு கண்டிப்பா பாருங்க. 2007-ல வடக்கு அலாஸ்கால அனக்டுவுக் ஆத்துப் பக்கம் ஆயிரம் சதுர கிலோமீட்டர் டன்ட்ரா, அதாவது மரமில்லாத ஆர்க்டிக் வெளி, எரிஞ்சு ஒரே சீசன்ல 20 லட்சம் டன் கார்பன் வெளிய போச்சு.

அக்டோபர் பத்தி இன்னும் ஒண்ணு, சொல்லாம போக மனசு வரல. கடலோர சைட்டா இருந்தா கடல் ஐஸையும் பாக்கணும், ஏன்னா முன்ன எல்லாம் அந்த நேரம் உறைஞ்சு போற கடல் இப்ப தெறந்து கெடக்கு, அந்தச் சூடு நேரா கரைக்கு வருது. அலாஸ்காவோட வடக்கு முனைல உட்கியாக்விக்னு ஒரு ஊர், பழைய பேரு பாரோ, அங்க எவ்வளவு வேகமா சூடாச்சுன்னா, அமெரிக்க அரசோட டேட்டா செக் பண்ற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் 2017-ல இது நெஜமா இருக்காது, ஸ்டேஷன்தான் கோளாறுன்னு முடிவு பண்ணி மாசாந்தர டேட்டாவ தூக்கி ஒதுக்கிடுச்சு, அப்புறம் ஆளுங்க பாத்துதான் இது நெஜம்தான்னு சொன்னாங்க. நீங்களும் வித்தியாசமா தெரியுற டேட்டாவ அவசரப்பட்டு டிலீட் பண்ணாதீங்க.

இப்பதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி. 30 சென்டிமீட்டர் ஆழ சென்சாரோட செப்டம்பர் முதல் டிசம்பர் வரைக்கும் உள்ள டேட்டாவ மட்டும் தனியா பெருசாக்கிப் பாருங்க. வெப்பநிலை எறங்கி வரும், ஜீரோவ தொடும், அங்கயே நின்னுடும். நாள் கணக்கா, வாரக் கணக்கா, சில எடத்துல ரெண்டு மூணு மாசம் வரைக்கும் ஜீரோலயே படுத்த கோடு, அதுக்கப்புறம் திடீர்னு செங்குத்தா கீழ விழும். இதுக்கு ஜீரோ கர்ட்டன்னு பேரு. மேல காத்து மைனஸ் இருபதா இருந்தாலும் உள்ள இருக்குற ஈரம் மொத்தமும் உறைஞ்சு முடியுற வரைக்கும் மண்ணு எறங்காது. ஒரு கிலோ தண்ணி ஜீரோல இருந்துட்டே ஐஸா மாறுறதுக்கு மட்டும், 80 டிகிரி சுடு தண்ணிய ஜீரோ வரைக்கும் ஆற வைக்கிற அளவு சூட்ட வெளிய தள்ளணும், யோசிச்சுப் பாருங்க. ஆக்டிவ் லேயர் மேல இருந்தும் கீழ இருந்தும் உறைஞ்சுட்டு வரும், நடுவுல சாண்ட்விச் மாதிரி ஈர மண்ணு மாட்டிட்டு இருக்கும்.

அந்த நடு அடுக்குல பாக்டீரியா இன்னும் வேலை பாத்துட்டுதான் இருக்கு. மேல பனி மூடியாச்சு, சூரியன் போயாச்சு, செடி கார்பன் இழுக்குறது நின்னு போச்சு, ஆனா கீழ அடுப்பு அணையல. முன்ன எல்லாம் குளிர்காலத்துல ஒண்ணும் நடக்காதுன்னு ஆளுங்க ஆகஸ்ட்ல மிஷின கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. வடக்கு அலாஸ்கால அஞ்சு சைட்ல வருஷம் முழுக்க அளந்து 2016-ல வெளியிட்ட ஆய்வுல, செப்டம்பர்ல இருந்து மே வரைக்கும் உள்ள குளிர் சீசன்ல வர்ற மீத்தேன், வருஷ மொத்தத்துல பாதிக்கு மேலன்னு தெரிஞ்சுச்சு, அதுல பெரிய பங்கு இந்த ஜீரோ கர்ட்டன் நேரத்துலதான். அதனால நீங்க செய்ய வேண்டியது: ஒவ்வொரு வருஷமும் அந்தப் படுத்த கோடு எத்தன நாள்னு எண்ணி எக்செல்ல ஒரு நெடுவரிசைல எழுதுங்க. ஒரு சைட்டுக்கு ஒரே ஒரு நம்பர்தான் கேப்பேன்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் கேப்பேன்.

போனஸா இன்னொண்ணு. அந்தப் படுத்த கோடு சரியா ஜீரோல இல்லாம 0.15-ல படுத்திருந்தா சென்சார் 0.15 தப்பாக் காட்டுதுன்னு அர்த்தம், அந்த சென்சாரோட மொத்த நெடுவரிசைல இருந்தும் கழிச்சிடுங்க. செலவில்லாத கேலிப்ரேஷன்.

அடுத்து கம்பி வேலை. நேர்ல போற வாய்ப்பு இருக்குறவங்களுக்கு இது. ஒரு மீட்டர் சொச்சம் நீளத்துல ஒரு ஸ்டீல் கம்பி, மேல புடிக்க கைப்பிடி, சென்டிமீட்டர் கோடு போட்டிருக்கும். ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் மொதல்ல போயி குத்தணும், அப்பதான் எளக்கம் உச்சத்துல இருக்கும். கால்ம் ஆளுங்க 100 மீட்டருக்கு 100 மீட்டர் சதுரத்துல 121 புள்ளி வச்சு ஒவ்வொண்ணுலயும் குத்துவாங்க. உறைஞ்ச மண்ணு தட்டுனா தொப்புனு மந்தமா நிக்கும், கல்லுல பட்டா டங்குனு கைல அதிரும், மொத நாள் எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது, ஒரு வரிசை பூரா கல்ல அளந்துட்டு வந்து கூட வந்தவங்க சிரிச்சாங்க. கோரைப்புல் மேடு மேல குத்தாதீங்க, ரெண்டு மேட்டுக்கு இடையில குத்துங்க, ஒவ்வொரு வருஷமும் அதே மாதிரி.

எளகுற ஆழம் கோடைச் சூட்டோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி போகும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. தினமும் ஜீரோக்கு மேல இருக்குற டிகிரிய கூட்டிட்டே வாங்க. ஒரு வருஷம் மொத்தம் 400 வந்து ஆழம் 40 சென்டிமீட்டர்னா, 900 வந்த வருஷத்துல 60 எதிர்பாக்கலாம். நெஜத்துல 60 வராம 52-லயே நின்னா? ஆஹா மண்ணு தாக்குப்புடிக்குதுன்னு சந்தோஷப்படாதீங்க. உள்ள இருந்த ஐஸ் உருகி நெலமே 8 சென்டிமீட்டர் எறங்கியிருக்கலாம், நீங்க எறங்கிப்போன தரைல இருந்து அளக்குறீங்க, அதான் கம்மியாத் தெரியுது. ஐஸ் அதிகமா உள்ள சைட்ல தரை மட்டம் அளந்த டேட்டா இல்லாம கம்பி டேட்டாவ மட்டும் நம்பவே கூடாது.

சரி, கேஸ். இங்கதான் மண்ணு காத்துக்குத் திருப்பிச் சொல்றது கேக்கும். டவர்ல ஒரு கருவி ஒரு செகண்டுக்கு பத்து இருபது தடவை காத்து மேல போகுதா கீழ வருதா, அதுல கேஸ் எவ்வளவுன்னு பாத்து அரை மணிக்கு ஒரு நம்பர் குடுக்கும். மைனஸ்னா நெலம் உள்ள இழுக்குது, ப்ளஸ்னா காத்துக்கு விடுது. இதை ஃபைல் தெறந்ததும் உறுதி பண்ணிக்கோங்க, நான் ஒரு தடவை தலைகீழா புரிஞ்சுக்கிட்டு ஜூலைல டன்ட்ரா கார்பனக் கக்குதுன்னு மூணு நாள் பரபரப்பா திரிஞ்சேன்.

டவர் இல்லாத எடத்துல டப்பா. தரைல ஒரு வளையம் பதிச்சு அது மேல டப்பாவ கவுத்து மூணு நிமிஷம் பாக்குறது. 0.1 சதுர மீட்டர் பரப்பு, 30 சென்டிமீட்டர் உயரம்னா 30 லிட்டர் காத்து, 10 டிகிரில அது சுமார் 1.3 மோல். மூணு நிமிஷத்துல கார்பன் டை ஆக்சைடு 30 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல 30 பங்கு, ஏறுச்சுன்னா 39 மைக்ரோமோல், அதை 180 செகண்டால வகுத்து, திரும்ப 0.1-ஆல வகுத்தா சதுர மீட்டருக்கு செகண்டுக்கு சுமார் 2.2 மைக்ரோமோல். நாள் கணக்குல ரெண்டு கிராம் சொச்சம் கார்பன். கருப்புத் துணி போட்டு ஒரு தடவை, வெளிச்சத்துல ஒரு தடவை அளந்தா வித்தியாசம்தான் செடி இழுத்தது.

அப்புறம் சைட் ஈரமா காஞ்சதான்னு கேளுங்க. காத்து புகுற காஞ்ச மண்ணுல மக்குனா கார்பன் டை ஆக்சைடு, தண்ணி தேங்குன எடத்துல மக்குனா மீத்தேனும் வரும், அது நூறு வருஷக் கணக்குல எடைக்கு எடை 27 மடங்குக்கு மேல சூடாக்கும். நெலம் குழிஞ்சு ஏரி ஆயிட்டா டப்பாலயும் சிக்காது டவர்லயும் சரியா சிக்காது, குமிழியா அடியில இருந்து கெளம்பும், குளிர்காலத்துல ஐஸுக்குள்ள வெள்ளை வெள்ளையா தட்டு அடுக்குன மாதிரி மாட்டிட்டு நிக்கும்.

கூட்டிப் பாக்குறப்ப கோடைய மட்டும் கூட்டாதீங்க. 2019-ல வந்த ஒரு பெரிய தொகுப்புல, பெர்மாஃப்ராஸ்ட் பகுதி முழுக்க அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் வெளிய போறது வருஷம் சுமார் 170 கோடி டன் கார்பன், கோடைல செடிங்க இழுக்குறது சுமார் 100 கோடி டன்னு கணக்கு வந்துச்சு. மண்ணுக்குள்ள மொத்தம் கெடக்குறது ஒன்றரை லட்சம் கோடி டன், காத்துல இருக்குற கார்பன விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. இதைக் கேட்டதும் குண்டு வெடிக்கப் போகுதுன்னு எழுதுறவங்கள நம்பாதீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்களையும்தான். ஐ.நா.வோட காலநிலைக் குழுவான ஐபிசிசி 2021 அறிக்கைல, உலகம் சூடாகுற ஒவ்வொரு டிகிரிக்கும் 2100-க்குள்ள பெர்மாஃப்ராஸ்ட்ல இருந்து கார்பன் டை ஆக்சைடா வர்ற கார்பன் சுமார் 1,800 கோடி டன், கீழ 310 கோடி மேல 4,100 கோடி வரைக்கும் போகலாம்னு போட்டிருக்காங்க. நாம இப்ப நிலக்கரி, பெட்ரோல் எரிச்சு வருஷத்துக்கு விடுறது சுமார் ஆயிரம் கோடி டன் கார்பன். மெதுவா ஒழுகுற குழாய்தான், ஆனா மூட முடியாத குழாய்.

டெட்ஹார்ஸ் பழகினதும் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் ஒரு சைட் எடுத்துப் பாருங்க, ஏமாந்துடுவீங்க. 2007-ல இருந்து 2016 வரைக்கும் உலக அளவுல பெர்மாஃப்ராஸ்ட் சராசரி 0.29 டிகிரி ஏறுச்சு, வடக்குல தொடர்ச்சியா உறைஞ்ச பகுதில 0.39, ஆனா திட்டுத்திட்டா இருக்குற தெக்குப் பகுதில 0.20 மட்டும்தான். தெக்குல ஆபத்து கம்மின்னு தோணும். அப்படி இல்ல, அங்க மண்ணு ஏற்கனவே மைனஸ் அரை டிகிரில நிக்குது, வர்ற சூடெல்லாம் டிகிரிய ஏத்துறதுக்குப் போகல, ஐஸ உருக்குறதுக்குப் போயிட்டு இருக்கு, கோடு அசையாம ஜீரோக்குக் கீழ ஒட்டிட்டே இருக்கும், ஜீரோ கர்ட்டன்ல பாத்த அதே கதை, ஆனா வருஷக்கணக்குல. அந்த மாதிரி சைட்ல வெப்பநிலைக் கோட்ட மூடி வச்சுட்டு கம்பி டேட்டாவ தெறங்க. சில புள்ளில குளிர்காலத்துலயும் திரும்ப உறையாத ஒரு அடுக்கு நடுவுல வந்திருக்கும், கம்பி முழுசா உள்ள போயும் எதுலயும் முட்டாது. உங்க கம்பி 120 சென்டிமீட்டர்னா, ஷீட்ல அந்தப் புள்ளிக்கு 120-ன்னு எழுதாதீங்க, 120-க்கு மேலன்னு எழுதுங்க, இல்லன்னா அடுத்த வருஷம் சராசரி எடுக்குறவன் அங்க உறைஞ்ச மண்ணு இருக்குன்னே நெனச்சுப்பான்.